தக்காளி நாற்றங்கால் தயாரித்தல்

தக்காளி பயிரிடுவோருக்கு ஏற்படும் நஷ்டங்களுள் ஒன்று, பயிர் வயலுக்கு வருமுன்பே நேர்ந்துவிடுகிறது. எட்டாம் நாள் செழிப்பாக எழுந்து நின்ற நாற்றுகள் பன்னிரண்டாம் நாள் காலையில் திட்டுத் திட்டாகச் சாய்ந்து கிடக்கின்றன. தண்டு மண்ணைத் தொடும் இடம் நீர் கோத்து, நூல் போல் மெலிந்திருக்கும். இது நாற்றழுகல் நோய். மண்ணில் வாழும் பித்தியம், ரைசோக்டோனியா முதலிய பூசண வகைகள் இதற்குக் காரணம். சாய்ந்த நாற்றை மீட்க வழியில்லை. மருந்துநீர் ஊற்றினால் சுற்றிலும் எஞ்சியவற்றுள் சில பிழைக்கலாம், அவ்வளவே. ஆகவே, தடுப்பு வேலை விதைப்பதற்கு முன்னர், பாத்தி அமைக்கும்போதே நடைபெறுதல் வேண்டும்.

இந்நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத மற்றொரு வடிவமும் உண்டு. முளை மண்ணுக்கு மேல் வருமுன்பே அழுகிவிடுகிறது. விவசாயி விதை கெட்டது என்கிறார். விற்றவர் அதை மறுக்கிறார். யார் சொல்வது சரி என்பதை எளிய பரிசோதனையால் அறியலாம். அதே விதையில் நூறு எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, உலராமல் வைத்துப் பத்தாம் நாள் எண்ணுதல் வேண்டும். சான்று பெற்ற தக்காளி விதை நூற்றுக்கு 70-க்குக் குறையாமல் முளைக்க வேண்டும் என்பது விதி. துணியில் முளைத்த விதை பாத்தியில் முளைக்காவிடில், குற்றம் பெரும்பாலும் பாத்தியினுடையதே. பள்ளித் தோட்டத்திற்கும் இப்பரிசோதனை ஏற்றது. ஆனால், சாயம் ஏற்றிய விதை நஞ்சு பூசப்பட்டதாகையால் அதை மாணவர் கையில் கொடுத்தல் ஆகாது.

நாற்று சாகும் என்று அஞ்சி விதையை இருமடங்காகத் தூவுவது பல இடங்களில் வழக்கம். அச்சாவை வரவழைப்பதே இந்த நெருக்கந்தான். நெருங்கிய நாற்றுகளின் அடியில் காற்றும் வெயிலும் புகுவதில்லை, ஈரம் உலர்வதில்லை, நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே இரவில் தாவுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் இவ்வளவு விதை தேவையுமில்லை. 60 செ.மீ. வரிசையில் 45 செ.மீ. இடைவெளி விட்டு நட்டால் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 37,000 நாற்றுகள் வேண்டும். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதைகள் உள்ளன. 200 கிராமில் 60,000 விதைகள். நூற்றுக்கு 70 முளைத்தாலும் 42,000 நாற்றுகள் கிடைக்கும். கலப்பின விதையின் விலையை அறிந்தவர்க்கு இக்கணக்கின் மதிப்பை விளக்க வேண்டுவதில்லை.

நாற்றங்காலுக்கு நிழலில்லாத, நீர் தேங்காத இடம் தேவை. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவை அண்மையில் பயிரான நிலத்தைத் தவிர்த்தல் நலம். மண்ணை நன்கு கொத்திப் பொடியாக்கி, 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரமுள்ள மேட்டுப் பாத்திகளாக அமைக்கலாம். ஒரு மீட்டருக்கு மேல் அகலமிருந்தால் களையெடுப்பவர் பாத்தியை மிதிக்க நேரும். பாத்திக்கு 10 கிலோ நன்கு மக்கிய தொழு உரம் போதும். மக்காத எரு நோயையும் களை விதையையும் உடன் கொண்டுவரும். 7.5 செ.மீ. இடைவெளியில் குறுக்கு வரிசைகளும், வரிசையில் 2 செ.மீ.க்கு ஒரு விதையும் என்று கொண்டால் ஒரு பாத்திக்கு 2,000 விதைகள் ஆகின்றன. ஒரு ஹெக்டேருக்கு 30 பாத்திகள் வேண்டும்.

பாத்தியின் மண்ணைத் தூய்மை செய்ய வெயிலே பெருந்துணை. இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் காட்டானும் அவருடைய குழுவினரும் 1976-இல் வெளியிட்ட முறை இது. உரமிட்டு உருவாக்கிய பாத்தியை நன்கு நனைத்து, மெல்லிய, ஒளி புகும் பாலிதீன் தாளால் மண்ணோடு ஒட்ட மூடி, ஓரங்களை மண்ணிட்டுப் புதைத்து, 4 முதல் 6 வாரம் வரை விட்டுவிட வேண்டும். ஈர மண் உஷ்ணத்தைக் கீழே கடத்துகிறது. ஈரத்தில் விழித்தெழும் பூசணம் அவ்வெப்பத்தைத் தாங்குவதில்லை. கறுப்புத் தாள் மிகுதியாகச் சூடேறும் என்று எண்ணுவோர் உளர். கறுப்புத் தாள் வெயிலைத் தானே விழுங்கிக்கொள்வதால் மண் அத்துணை சூடேறுவதில்லை. வட இந்தியச் சமவெளியில் மழைக்கால நாற்று விடுமுன் வரும் மே, ஜூன் வெயில் இதற்கு மிக ஏற்றது. குளிர்ந்த மலைப்பகுதிகளில் இம்முறையால் அதிகப் பயன் இராது. கோரைக் கிழங்கும் இதற்கு அடங்குவதில்லை. தாளை எடுத்தபின் பாத்தியை ஆழமாகக் கொத்தினால் சூடேறாத அடிமண் மேலே வந்துவிடும். மேற்பரப்பைக் கிளறுவதோடு நிறுத்துதல் வேண்டும்.

நோய்ப் பூசணத்தை எதிர்க்கும் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை தரும் பூசணத்தை 200 கிராம் விதைக்கு 1 கிராம் வீதம் கலந்து விதைக்கலாம். பூசணக்கொல்லி பூசிய விதைக்கு இது வேண்டுவதில்லை. விதையை 1 செ.மீ. ஆழத்தில் இட்டு, பொடித்த எருவால் மூடி, மேலே உலர்ந்த புல் அல்லது வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். முளை தென்பட்ட அன்றே வைக்கோலை நீக்குதல் முக்கியம். இரண்டு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நீண்டுவிடும். பிறகு காலையில் மட்டும் நீர் விட்டால் மாலைக்குள் மேல்மண் உலரும்.

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் நாற்றுப் பருவத்திலேயே தொற்றினால், அச்செடியிலிருந்து காய் எதிர்பார்ப்பதற்கில்லை. மூங்கில் பிளாச்சுகளை வளைத்து நட்டு, அங்குலத்திற்கு 50 கண் உள்ள நைலான் வலையை விதைத்த நாளிலிருந்தே மூடி வைக்க வேண்டும். ஈ உட்புகுந்த பின் மூடுவதில் பயனில்லை.

25 முதல் 30 நாளில் நான்கைந்து இலைகளுடன் நாற்று நடவுக்குத் தயாராகும். நடவுக்கு நான்கைந்து நாள் முன்பு நீரைக் குறைத்தால் தண்டு உரம் பெறும். பிடுங்குமுன் பாத்தியை நனைத்து, வேர் அறாமல் களைக்கொத்தினால் நெம்பி எடுத்து, மாலையில் நடுதல் நன்று. மிஞ்சிய நாற்றுகளைப் போக்கிடத்திற்கு ஆகும் என்று பாத்தியிலேயே விட்டுவைப்பதுண்டு. ஒரு வாரத்திற்கு மேல் அவை அங்கு நின்றால் வெள்ளை ஈக்கு இருப்பிடமாகும்; ஆதலால், வயலில் போக்கிடம் நிரப்பியவுடன் அவற்றைப் பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும்.