மெட்ராஸ் விளக்கின் நான்கு மாடங்கள்

திண்டுக்கல் மலைக்கோட்டை உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் தெரியாது. தூசியோ மேகமோ இல்லாத நாளிலும் தெரியாது. கரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது. அதற்கு முன்பே பூமியின் வளைவு பார்வையை மறித்துவிடும். கடலில் வரும் மாலுமிக்கும் இதே தடைதான். எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும், தாழ்வாக வைத்த விளக்கு அவர் கண்ணுக்கு எட்டாது.

விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். சென்னை மெரினாவில் விளக்கு கடல் மட்டத்துக்கு 57 மீட்டர் மேலே இருக்கிறது: சுமார் 27 கி.மீ. ஏறக்குறைய 900 அடி உயரமுள்ள நம் மலையையே கடற்கரையில் வைத்து உச்சியில் விளக்கேற்றினாலும் 59 கி.மீ.தான். உயரம் ஐந்து மடங்கு ஏறினால் தூரம் இரண்டு மடங்குக்குச் சற்றே கூடும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் மெரினா விளக்கு 28 கடல் மைல், அதாவது 52 கி.மீ. எட்டுகிறது. பார்ப்பவரும் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறார் அல்லவா, அவருடைய தொடுவானமும் கணக்கில் சேர்கிறது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்குத் தள்ளி நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலை கடந்து ஆளையும் சரக்கையும் இறக்கின. அந்தக் கரைக்கு 1796-ல் முதல் விளக்கு வந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் தேங்காய் எண்ணெய்த் திரிகள் எரிந்தன.

நான்கில் என் மனத்துக்கு நெருக்கமானது இரண்டாவதுதான். பல்லாவரம் கருங்கல்லில், கிரேக்கத்து டோரிக் பாணியில் எழுப்பிய உயர்ந்த தூண். 1844-ல் ஒளிர்ந்தது. அதில் ஆர்கண்ட் விளக்குகள் எரிந்தன. குழாய் வடிவத் திரியின் உள்ளும் புறமும் காற்று பாய்வதால் எண்ணெய் முழுதாக எரியும். புகை குறையும், சுடர் வெளுக்கும். பின்னால் நிறுத்திய குழிந்த பிரதிபலிப்பான்கள், நிலப்பக்கம் வீணாகும் ஒளியையும் கடலுக்குத் திருப்பின. எரிபொருளைக் கூட்டாமல் வெளிச்சத்தைக் கூட்டிய இந்த யோசனை எத்தனை உயிர்களைக் காத்திருக்கும்!

1894-ல் விளக்கு பக்கத்திலேயே புதிதாக எழுந்த உயர் நீதிமன்றத்தின் மிக உயர்ந்த மாடத்துக்கு, 175 அடி உயரத்துக்கு, ஏறியது. கல்தூண் இருண்டது. 1977 ஜனவரியில் மெரினாவின் முக்கோணக் கோபுரம் பொறுப்பேற்றது. பகலில் அதன் சிவப்பு வெள்ளைப் பட்டைகள்தான் அடையாளம். இரவில் பத்து விநாடிக்கு இரண்டு மின்னல். அந்தத் தாளத்தை எண்ணியே மாலுமி இது சென்னை என்று அறிகிறார்.

ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு பாதுகாப்புக்காக மூடிய கோபுரம், 2013 நவம்பரில் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்தது. திண்டுக்கல்லில் வைகை எக்ஸ்பிரஸிலோ பாண்டியன் எக்ஸ்பிரஸிலோ ஏறி எழும்பூரில் இறங்கினால் ஆட்டோவில் போய்விடலாம். பறக்கும் ரயிலில் வருபவர்களுக்குக் 'கலங்கரை விளக்கம்' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் இடைவேளை உண்டு. மேலே போக லிஃப்ட் இருப்பதால் பாட்டி தாத்தாக்களையும் தயங்காமல் அழைத்துப் போங்கள். வடக்கே துறைமுகம், தெற்கே சாந்தோம் தேவாலயக் கோபுரம் தெரியும். கல்தூண் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.