சாங்கி ஏரிக்கரையில் ஒரு பிற்பகல்

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில், பிற்பகல் நான்கு மணியளவில், நம் சங்கத்துக் குடும்பங்கள் ஐந்து மல்லேஸ்வரத்துச் சாங்கி ஏரிக்கரையிற் கூடினோம். பெரியவர் ஒன்பதின்மர், சிறுவர் எழுவர், தொலைநோக்கி ஒன்றே ஒன்று. அதனால் விளைந்த சச்சரவுகளை எழுதப் புகுந்தால் பறவைகளுக்கு இங்கே இடமிராது.

நாள்தோறும் இவ்வேரியைச் சுற்றி நடக்கும் நம்மவர் பலர். அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பரேயன்றி நீரைப் பார்ப்பதில்லை. நாங்களும் அன்றுவரை அவ்வாறே இருந்தோம். இஃது இயற்கை ஏரியன்று. தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் நினைவு மாறாத காலத்தில், 1882-ஆம் ஆண்டில், கர்னல் ரிச்சர்டு சாங்கி என்னும் பொறியாளர் கட்டுவித்தது. பரப்பு ஏறத்தாழ 37 ஏக்கர். மல்லேஸ்வரமோ 1898-ஆம் ஆண்டுப் பிளேகுக்குப் பின்னரே பெருகிய பேட்டை. ஆகவே ஏரி மூத்தது, பேட்டை இளையது.

முதலிற் கண்ணிற்பட்டது நீர்க்காகம். பட்ட கிளையொன்றில் அமர்ந்து, துணி உலர்த்துவார்போல் இரு சிறகுகளையும் விரித்திருந்தது. வாத்தின் இறகைப்போல் அதன் இறகு நீரை முற்றும் தடுப்பதில்லை. நனைவதனாலேயே ஆழத்தில் எளிதாக மூழ்கி மீனைத் துரத்துகிறது, பின்னர் வெயிலில் காய்கிறது. ஆதாயத்தோடு சிறிது தொல்லையும் உண்டு என்க.

அடுத்து, கரிய பறவைகள் சில கூட்டமாய் மிதந்தன. அலகும் நெற்றியும் வெண்மை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ‘கூட்’ என்று ஆங்கிலப் பெயரை உடனே கூறினான். தமிழில் யாது என்று அவன் வினவ, பட்டம் பெற்ற நாங்கள் அனைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உடன்வந்த திருநெல்வேலிப் பாட்டி தொலைநோக்கியை வாங்கிப் பார்த்து, “நெத்தியில நாமம் போட்டிருக்கே, நாமக்கோழிதான்டா!” என்றார். நூல்களிலும் அதன் பெயர் நாமக்கோழியே. பாட்டிக்கு அந்நூல்கள் தெரியா.

நீல மின்னலென ஒன்று நீர்மேற் பாய்ந்தபொழுது நாங்கள் “மீன்கொத்தி” என்றோம். அருகில் நடந்த கன்னடப் பெரியவர் ஒருவர் நின்று, “மிஞ்சுள்ளி” என்றார். மிஞ்சு என்பது கன்னடத்தில் மின்னல். நமது ‘மின்’ என்னும் சொல்லுக்கு உடன்பிறப்பு. தமிழர் அதன் தொழிலைக் கண்டு பெயரிட்டனர், கன்னடர் அதன் ஒளியைக் கண்டனர். எது சிறந்தது என்று அவரோடு கால் மணி நேரம் இனிதே வழக்காடினோம், தீர்ப்பாகவில்லை.

இவ்விரு நாட்டுப் பறவைகளையும் அறிந்த தமிழர் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன், இன்று கருநாடகத்திலுள்ள சந்தூர்ச் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர். 1950 முதல் 1996-இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றி இடைவிடாது எழுதினார். தமிழிலும் பறவைகளைப் பற்றி அழகுற எழுதினார். அவர் கட்டுரைகள் நம் வீட்டுச் சிறுவர் எத்தனை பேர் கைக்கு எட்டின?

ஏரிக்கரைச் சாலையின் பெருமரங்களில் பருந்துகள் அடையத் தொடங்கின. 2023-ஆம் ஆண்டில் அச்சாலையில் மேம்பாலம் கட்டும் திட்டம் எழுந்தபொழுது, மரங்கள் வீழுமென்று மல்லேஸ்வரத்தார் திரண்டு எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பிற் கலந்துகொள்ளாமல் வீட்டிலிருந்து செய்தி படித்தவர்கள் எங்களிற் பலர் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

இருள் கவிகையில், வக்கா எனும் இராக்கொக்குகள் கரகரத்த குரலோடு இரைதேடப் புறப்பட்டன. காவலர் ஊதலை ஊதினார். சிறுவனது குறிப்பேட்டில் பறவைகள் பதினேழு. அவற்றுள் ஆறுக்கு எதிரே தமிழ்ப்பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாயிருந்தது. மரத்தைச் சுற்றி ஏறும் கருநெற்றிச் சிறு குருவியும், நீரோரம் வாலை ஓயாது அசைத்தோடிய மஞ்சள் வயிற்றுக் குளிர்கால விருந்தாளியும் அவற்றுட் சில. தத்தம் ஊரில் இவற்றை எவ்வாறு அழைத்தனர் என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டு அன்பர்கள் எழுதியனுப்பினால், அடுத்த இதழில் அவன் பட்டியலை முழுதாக வெளியிடுவோம்.