தனியார் பாடசாலைதான், கட்டணம் இல்லை

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியைத் தனியார் பாடசாலை என்றதும், "அப்போ கட்டணம் எவ்வளவு?" என்றுதான் பலரும் கேட்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபை நடத்துகிறது, பெயர்பெற்ற பாடசாலை. வசதியுள்ளவர்களுக்கானது என்றே நினைத்துவிடுகிறோம். இந்த நினைப்பு எங்கே பிழைக்கிறது என்று மெல்லப் பார்ப்போம்.

1850இல் ஆண் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பாடசாலையாகத் தொடங்கியது இது. 1881இல் இன்றைய பெயர் வந்தது. நடத்தியவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபைக் குருக்கள். செலவு முழுவதும் ஐரோப்பாவிலிருந்து வந்ததென்று எண்ண வேண்டாம். 1869இல் இலங்கையில் பொதுக் கல்வித் திணைக்களம் அமைந்த பின், மிஷன் பாடசாலைகளுக்கு அரசு உதவிப்பணம் கொடுப்பது நிலைபெற்றது. 'உதவி பெறும் பாடசாலை' என்பது அதுதான்: வீடு ஒருவருடையது, உலைக்கு அரிசி இன்னொருவருடையது.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1960இல், சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு, உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கச் சட்டம் இயற்றியது. கிறிஸ்தவப் பாடசாலைகள் மட்டுமல்ல, சைவப் பாடசாலைகளும் அரசிடம் போயின. கல்வி மத நிறுவனங்களின் கையில் குவிந்திருக்கிறது என்ற அரசின் குறை வெறும் சாக்கல்ல. அதில் நியாயம் இருந்தது. கத்தோலிக்கருக்கோ அது பெரும் இழப்பு. பல இடங்களில் பெற்றோர் பாடசாலைக்குள்ளேயே தங்கி மறியல் செய்தார்கள்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெரிய தரத்துப் பாடசாலைகளுக்கு மட்டும் அந்தச் சட்டம் ஒரு வழி விட்டது: விரும்பினால் தனித்து நிற்கலாம். ஆனால் அரசு உதவி கிடையாது. பிள்ளைகளிடம் கல்விக் கட்டணமும் வாங்கக் கூடாது. இரண்டு வாசலும் அடைத்த வீடு! பத்திரிசியார் கல்லூரி அந்தக் கடினமான வழியையே தேர்ந்தது. ஆசிரியர் சம்பளத்திலிருந்து கூரை ஓடு வரை எல்லாவற்றுக்கும் திருச்சபையும் பெற்றோரும் பழைய மாணவரும்தான் வழி பார்க்க வேண்டியிருந்தது. கல்லூரியின் நூற்றாண்டு கடந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்த முடிவுதான்.

பின்னாளில் இத்தகைய பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசு மறுபடி ஏற்றுக்கொண்டது. நிர்வாகம் திருச்சபையிடமே தொடர்கிறது. ஆகவே இலங்கையில் ஒரு பாடசாலையைத் தனியார் என்று யாராவது சொன்னால், கட்டணத்தைக் கேட்கும் முன், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பவர் யாரென்று கேட்டுப் பாருங்கள்.