தண்டுவட மரப்பு நோயும் தூக்கமின்மையும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயில், மூளை மற்றும் தண்டுவட நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குகிறது. இந்நோயாளிகளிடம் தூக்கமின்மை பரவலாகக் காணப்படுகிறது. பகல்நேரச் சோர்வு நோயின் இயல்பு என்றே கருதப்படுவதால், இரவுத் தூக்கம் கெடுவது பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. ஆனால் அதன் காரணங்களில் பல சரிசெய்யக்கூடியவை.

எனவே தூக்க மாத்திரையை நாடுமுன், நோயாளியை எழுப்புவது எது என்று அறிய வேண்டும். தசை இறுக்கம் எழுப்பினால், பாக்லோஃபென் போன்ற மருந்தை எடுக்கும் நேரத்தை மருத்துவர் இரவுக்கு மாற்றலாம். படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் அமைதியற்ற கால் நோய்க்குறியும் இவர்களிடம் கூடுதல். இரும்புச்சத்துக் குறைவு அதை மோசமாக்கும் என்பதால், இரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைச் சோதிப்பது நல்லது. சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுபவர்கள் மாலைக்குப் பின் நீர் அருந்துவதைக் குறைக்கலாம். நாள் முழுதும் குறைத்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரக்கூடும். நோய் திடீரெனத் தீவிரமடையும்போது தரப்படும் ஸ்டீராய்டும், சோர்வுக்குத் தரப்படும் அமன்டடினும்கூடத் தூக்கத்தைக் கெடுக்கலாம்.

இவற்றைக் கவனித்த பின்னும் தூக்கம் வராவிட்டால், அறிதல் நடத்தைச் சிகிச்சையே முதல் தேர்வு. தூக்கம் வராதபோது படுக்கையை விட்டு எழ வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நடை தடுமாறுபவருக்கு இருட்டில் அது ஆபத்து. அவர்கள் படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்தால் போதும்.