கிளிமஞ்சாரோவுக்கு எந்த வழி?

கிளிமஞ்சாரோ ஏறுவது என்று முடிவெடுத்தவர்கள் முதலில் விசாரிப்பது கட்டணம். அடுத்தது, எந்தப் பாதையில் காட்சி நன்றாயிருக்கும் என்பது. எந்த இரவு எவ்வளவு உயரத்தில் படுக்கப்போகிறோம் என்று கேட்பவர்கள் குறைவு. தலைவலியும் வாந்தியுமாகப் பாதியில் திரும்புகிறோமா, உச்சிவரை போகிறோமா என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

தான்சானியாவில் இருக்கும் இந்த எரிமலையின் உச்சி 5,895 மீட்டர். வழக்கமான பாதைகளில் கயிறு வேண்டாம், நடந்தே போகலாம். வழிகாட்டி மட்டும் கட்டாயம். சிக்கல் காற்றில்தான். உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம். ஆனால் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி. ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே.

உடல் இதைச் சமாளிக்க வேகமாக மூச்சு வாங்கும். அதில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை கூடிவிடும். உடனே மூளை மூச்சுக்குக் கடிவாளம் போடும். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளித் தள்ளித்தான் அந்தக் கடிவாளம் தளர வேண்டும். அதற்குச் சில நாள் பிடிக்கும். (அசிட்டசோலமைடு மாத்திரை இதைத்தான் கொஞ்சம் முடுக்கிவிடுகிறது, மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.) தூங்கும்போது மூச்சு இன்னும் தளர்ந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் மேலும் இறங்கும். பகலில் தொட்ட உயரத்தைவிட இரவில் படுத்த உயரத்தை மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது இதனால்தான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு படுக்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் பொதுவிதி.

இப்போது ஐந்து நாள் மராங்கு பாதையைப் பாருங்கள். முதல் இரவு மண்டாரா குடில், 2,720 மீட்டர். நம் ஆனைமுடியே 2,695தான். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் இரவு கிபோ, 4,720. நாளுக்கு ஆயிரம் மீட்டர்! கிபோவிலும் முழுசாகத் தூங்க முடியாது. நள்ளிரவில் எழுப்பி உச்சிக்குக் கூட்டிப்போவார்கள். கூடாரம் இல்லாமல் குடிலில் மெத்தை, செலவும் குறைவு என்பதால் இது நன்றாக விற்கிறது. என்னைக் கேட்டால், இந்த ஐந்து நாள் திட்டத்தை விற்கவே கூடாது. ஹொரொம்போவில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கும் ஆறு நாள் திட்டம் பரவாயில்லை.

ஏழு நாள் மச்சாமே பாதையில் மூன்றாம் நாளைக் கவனியுங்கள். சுமார் 3,800 மீட்டரில் உள்ள ஷிராவிலிருந்து கிளம்பி, 4,600 மீட்டரை ஒட்டிய லாவா டவரில் மதியச் சாப்பாடு. பலருக்குத் தலை வலிப்பது அங்கேதான். பிறகு 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள பாராங்கோவுக்கு இறக்கிவிடுவார்கள். நாள் முழுக்க ஏறி இறங்கியும் படுக்கும் உயரம் நூறு, நூற்றைம்பது மீட்டர்தான் கூடியிருக்கும். மறுநாள் கரங்காவிலும் ஏறக்குறைய அதே உயரம். ஆறு நாள் திட்டத்தில் வெட்டப்படுவது இந்தக் கரங்கா இரவுதான். மேற்கிலிருந்து ஏறும் எட்டு நாள் லெமோஷோ இன்னும் நிதானமானது. மழை மாதங்களில் போவதானால் வடக்கிலிருக்கும் ரொங்காய் பாதை ஓரளவு காய்ந்திருக்கும்.

மாரத்தான் ஓடுகிறவருக்கும் இதில் சலுகை கிடையாது; வேகமாக ஏறிவிடுவதால் அவருக்குத்தான் ஆபத்து அதிகம். வழிகாட்டிகள் 'போலே போலே', அதாவது மெல்ல மெல்ல என்று ஓயாமல் சொல்வது சும்மா இல்லை. நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், உட்கார்ந்திருந்தும் மூச்சிரைப்பு என்றால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே கீழே இறங்குவதே முதல் சிகிச்சை.

பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் என்பதால், கூடுதல் நாளுக்குக் கூடுதல் செலவு உண்டு. மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டரில் தங்கவைப்பார்கள் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள்.