ஒரு இலட்சம் ரூபாவுக்குள் ஒரு மடிக்கணினி: கல்முனையில் தேடிய கதை

திருக்கோவிலில் இருந்து ஓர் அம்மா அண்மையில் அழைத்திருந்தார். 2017 இல் அவருடைய வீட்டுத் திண்ணையில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் பேசியதை நான் ஒலிப்பதிவு செய்திருந்தேன். 1990 இல் கொண்டுபோகப்பட்ட மகனைப் பற்றிய பேச்சு அது. “தம்பி, அண்டைக்கு நான் சொன்னது உங்களிட்ட இருக்கா? இப்ப எனக்குச் சில திகதியள் மறந்து போகுது. பேத்தி எழுதி வைக்கப்போறாளாம்” என்றார். இருக்கிறது அம்மா என்று சொல்லிவிட்டேன். பிறகு மடிக்கணினியைத் திறந்தால், அது எழும்புவதற்கே 11 நிமிடம் எடுத்தது. கோப்பைத் தேடும்போது உள்ளேயிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம்.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்து அந்தச் சத்தம் வந்தால் நேரம் அதிகமில்லை என்று அர்த்தம். தகட்டில் எழுதியிருப்பதை வாசிக்கும் முனை, வாசிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சிக்கிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முக்கியமானதை முதலில் வேறோர் இடத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும். வைரஸ் ஸ்கேன் போடுவதும், விண்டோஸை மறுபடி நிறுவிப் பார்ப்பதும் அந்த நேரத்தில் டிஸ்க்கைக் கொல்லும் வேலைகள். நண்பர் ஒருவரிடம் வெளி டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, இரண்டு இரவுகள் விழித்திருந்து எடுத்தேன். மூன்று கோப்புகள் வரவே இல்லை. அம்மாவுடையது வந்தது.

அந்த மடிக்கணினி நான் ஊடகக் கற்கை படித்த காலத்தில், 2014 இல் வாங்கியது. இன்டெல் நான்காம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ரெம். அதை மாற்ற வேண்டும் என்பது நெடுநாளாகத் தெரிந்ததுதான். எங்கள் பக்கத்தில் பலர் இப்போது இதே யோசனையில் இருக்கிறார்கள். காரணம், 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும். அதற்குப் பிறகு விண்டோஸ் 11 தான். அது, பெரும்பாலும், இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்த பிராசஸர்களை ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். கடைகளில் இந்தத் தடையைச் சுற்றிப் போய் நிறுவித் தருகிறார்கள். ஆனால் அப்படி நிறுவியதற்கு இற்றைப்படுத்தல் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தரவில்லை.

இன்னொரு பக்கம் விலை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 203 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. 500 டொலர் மடிக்கணினி ஒன்று இரண்டு மாதத்துக்குள் ஒரு இலட்சத்தில் இருந்து ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ஆனது இப்படித்தான். டொலர் 300 ரூபாவைச் சுற்றி இறங்கிய பிறகும் பழைய விலை திரும்பவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 15 இல் இருந்து 18 வீதமானது. போதாததற்கு, ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாங்கிக் குவிப்பதால் 2025 இன் கடைசியில் இருந்து உலகச் சந்தையில் ரெம் விலை ஏறத் தொடங்கியது. என் கையில் இருந்தது 95,000 ரூபா.

கல்முனையில் நான் ஏறிய முதல் கடையில் காட்டியது புத்தம் புதுப் பெட்டி. மெல்லியது, பளபளப்பானது, ஒரு வருட உத்தரவாதம். விலை ஒரு இலட்சத்துக்குச் சற்று மேலே. “காக்கா, எல்லாரும் இதத்தான் எடுக்காங்க, புள்ளையளுக்குப் படிக்கப் போதும்” என்றார் தம்பி. உள்ளே என்ன என்று கேட்டபோதுதான் விடயம் தெரிந்தது. செலரோன் என்4020. இரண்டே இரண்டு கோர்கள். ரெம் 4 ஜிபி, அதுவும் பலகையோடு ஒட்டவைத்தது, பிறகு கூட்ட முடியாது. சேமிப்பகம் 64 ஜிபி இஎம்எம்சி. எஸ்எஸ்டி அல்ல, போனுக்குள் இருப்பது போன்ற ஒரு சிப். விண்டோஸ் 11 கேட்கும் ஆகக் குறைந்த அளவே 4 ஜிபி ரெம்மும் 64 ஜிபி இடமும்தான். அதாவது விண்டோஸ் ஏறி உட்கார்ந்தவுடனேயே வீடு நிறைந்துவிடும். பெரிய இற்றைப்படுத்தல் வரும்போது இடமில்லை என்று நிற்கும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ‘பிள்ளை ஓஎல் பாஸ் பண்ணிட்டான், ஒரு லெப்டொப் வாங்கிக் குடுங்க’ என்று அனுப்பும் காசு பெரும்பாலும் இந்தப் பெட்டியில்தான் போய் விழுகிறது. புதிது என்ற ஒரே காரணத்துக்காக. புதிதுதான் வேண்டும் என்று நிற்பவர்கள், செலரோனை விட்டுவிட்டு இன்டெல் என்100 என்று எழுதியிருப்பதையாவது தேடுங்கள். அதில் நான்கு கோர்கள், எழுத்து வேலைக்கும் ஸூம் வகுப்புக்கும் தாங்கும். 8 ஜிபி ரெம்மும் உண்மையான எஸ்எஸ்டியும் இருந்தால் மட்டும்.

நான் போனது மறுபக்கம். ஐரோப்பாவிலும் மத்திய கிழக்கிலும் கம்பனிகள் சில வருடம் பாவித்துவிட்டுக் கழிக்கும் மடிக்கணினிகள் கொழும்பு வழியாக எங்கள் ஊர்க் கடைகளுக்கும் வருகின்றன. லெனோவோ திங்க்பேட், டெல் லெட்டிடியூட், எச்பி எலீட்புக் என்ற மூன்று பெயர்களை நினைவில் வைத்தால் போதும். இவை வீட்டுப் பாவனைக்குச் செய்தவை அல்ல. அலுவலக ஊழியர் தினமும் சுமந்து திரியவும், பழுதானால் தொழில்நுட்பவியலாளர் திறந்து திருத்தவும் செய்தவை. கீழ் மூடியைக் கழற்றினால் ரெம், டிஸ்க், பெட்டரி எல்லாவற்றையும் மாற்றலாம். இந்த வசதி எல்லா மாதிரிகளிலும் இல்லை. மெல்லியவற்றில் ரெம்மை ஒட்டிவிடுகிறார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும்.

தலைமுறையை எப்படிக் கண்டுபிடிப்பது? பிராசஸர் பெயரில் ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டு. 1135 என்றால் பதினொன்று. 7200 என்றால் ஏழு, அதை எடுக்காதீர்கள். ‘ஐ7 இருக்கு’ என்று பெருமையாகச் சொல்லி நான்காம் தலைமுறையைத் தலையில் கட்டுவார்கள். எட்டாம் தலைமுறை ஐ5, நான்காம் தலைமுறை ஐ7 மடிக்கணினியை விடப் பொதுவாக மேல், மின்சாரமும் பெரும்பாலும் குறைவாகவே குடிக்கும்.

கடைசியில் எடுத்தது 2018 இல் வெளிவந்த திங்க்பேட் டி480. ஐ5, எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரெம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 88,000 ரூபா. டெல் 5490 உம் எச்பி 840 ஜி5 உம் அதே காலத்தவை, அதே தரம். திங்க்பேட்டுக்கு நான் விழுந்ததற்குக் காரணம் பெட்டரி. இந்த மாதிரியில் இரண்டு பெட்டரிகள் உண்டு: ஒன்று உள்ளே, மற்றது வெளியே கழற்றக் கூடியது. உள்ளே இருப்பது தாங்கிக்கொண்டிருக்க, கணினியை அணைக்காமலே வெளிப் பெட்டரியை மாற்றலாம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில், கட்டுரை அனுப்புவதற்காக மின்சாரம் இருந்த வீடு தேடி ஓடிய எனக்கு அது பெரிய விடயம்.

வாங்கும்போது கடையில் அரை மணித்தியாலம் இருந்தேன். கடைக்காரருக்குச் சற்றுக் கோபம்தான், பரவாயில்லை. முதலில், அணைத்துவிட்டு மறுபடி போட்டு, பயாஸுக்குள் போக முடிகிறதா என்று பார்த்தேன். கம்பனிக் கணினிகளில் சிலவற்றுக்கு பயாஸ் கடவுச்சொல் போட்டிருப்பார்கள். கடைக்காரருக்கும் அது தெரியாது. சிலவற்றில் பழைய கம்பனியின் முகாமைத்துவப் பதிவு அப்படியே இருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவி இணையத்தோடு இணைத்தவுடன், முன்பின் தெரியாத ஒரு கம்பனியின் பெயரைக் காட்டி ஊழியர் கணக்கில் நுழையச் சொல்லும். அப்படியானதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு பெட்டரி. விண்டோஸிலேயே பெட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை உண்டு, கடைத் தம்பிமாருக்குத் தெரியும். செய்யும்போது இருந்த கொள்ளளவையும் இப்போது நிரம்பும் கொள்ளளவையும் அது பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பாதிக்குக் கீழே என்றால் புதுப் பெட்டரியின் விலையை மொத்தத்தில் இருந்து கழிக்கச் சொல்லலாம். எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வீதத்தில் சொல்லிவிடும். டி480 வாங்குபவர்கள், யூஎஸ்பி-சி துளையில் சார்ஜர் சரியாக ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்தக் காலத்துத் திங்க்பேட்களில் மென்பொருட் கோளாறு ஒன்றால் அந்தத் துளை செத்துப்போனதுண்டு, பிறகு திருத்தம் வெளியிட்டார்கள்.

கீபோர்டையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் இருந்து வந்ததில் ஒய் எழுத்தும் இஸட் எழுத்தும் இடம் மாறியிருக்கும். பார்க்காமல் பாமினி அடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, அமைப்பை மாற்றிவிட்டால் சிக்கலில்லை. பழகும் பிள்ளைகளுக்கு அது தலைவலி.

எங்கள் கரையோரத்துக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது: உப்புக்காற்று. மருதமுனையில் எங்கள் வீடு கடலில் இருந்து கூப்பிடு தூரம். பழைய மடிக்கணினியைக் கழற்றிப் பார்த்தபோது ரெம்மின் பொன்னிறப் பற்களில் பச்சை பூத்திருந்தது, திருகாணிகள் துரு. இரண்டாம் கையில் வாங்குபவர்கள் கீழ் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். பாவிக்காத நேரத்தில் யன்னல் ஓரத்தில் வைக்காமல், மூடும் பைக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. உம்மா அந்தப் பொட்டலங்களை எறியாமல் சேர்த்து வைத்திருந்தார். முன்பு அதற்குச் சிரித்தவன் நான்.

காசே இல்லாதவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பழைய மடிக்கணினியின் பலகை நன்றாக இருந்து, ஹார்ட் டிஸ்க் மட்டும் மந்தம் என்றால், சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு லினக்ஸ் மின்ட் நிறுவுங்கள். 4 ஜிபி ரெம் போதும். இலவசம், இற்றைப்படுத்தலும் வரும். லிப்ரே ஒபிஸில் யுனிகோட் தமிழ் ஒழுங்காக வேலை செய்கிறது. என்னுடையதில் பலகையே உப்பில் போய்விட்டதால் அந்த வழி அடைபட்டது.

கடைகளில் விண்டோஸைத் திருட்டுப் பிரதியாகப் போட்டுத் தருவதும் வழமை. அதைத் திறக்கப் பாவிக்கும் மென்பொருள் என்ன செய்கிறது என்பது போட்டவருக்கே தெரியாது. கம்பனிக் கணினிகளில் ஒரு நன்மை, விண்டோஸ் புரோ உரிமம் பலவற்றின் பலகையிலேயே பதிந்திருக்கும். சுத்தமாக நிறுவினால் தானாகச் செயல்படும். புரோவில் பிட்லொக்கர் உண்டு. டிஸ்க் முழுவதையும் பூட்டிவிடும், கடவுச்சொல்லோ மீட்புச் சாவியோ இல்லாமல் வேறு கணினியில் போட்டாலும் வாசிக்க முடியாது. மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். தொலைந்தால் உங்களுக்கும் கிடைக்காது.

இனிப் பழைய டிஸ்க். புதியதை வாங்கும்போது “பழசத் தாங்க, 5,000 கழிச்சுத் தாறன்” என்றார் கடைக்காரர். அந்த டிஸ்க்கில் திருக்கோவில் அம்மா மட்டுமல்ல, வயலுக்குப் போய்த் திரும்பாத வாப்பாமாரைப் பற்றிப் பேசியவர்களும் இருக்கிறார்கள். பெயர், முகவரி, யாரைச் சந்தேகிக்கிறார்கள் என்பது வரை. ஃபோர்மட் செய்தால் அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். விரைவு ஃபோர்மட் செய்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கோப்புகளை மீட்க இலவச மென்பொருளே போதும். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்து பழகிய மக்களிடம் குரலை வாங்கியவன், அதை 5,000 ரூபாவுக்கு யாரோ ஒருவரின் மேசையில் வைத்துவிட்டு வர முடியாது. உங்களிடம் சாட்சியம் இல்லாவிட்டாலும், தங்கச்சியின் படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், காணி உறுதி ஸ்கேன்கள் இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், 2,000 கிடைத்தது.

பிரதிகள் மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று புதிய மடிக்கணினியில். இரண்டாவது வீட்டில், பூட்டிய வெளி ஹார்ட் டிஸ்க்கில். எஸ்எஸ்டியை மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் வைத்தால் உள்ளடக்கம் மங்கக் கூடும் என்பதால் நீண்டகாலச் சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க்தான். மூன்றாவது சம்மாந்துறையில், ராத்தா வீட்டு அலுமாரியில். 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 14 வயது. நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் எத்தனையோ வீடுகளில், போனவர்களின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. ஒரு பிரதியாவது கடலில் இருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பதை எங்களுக்கு எந்தத் தொழில்நுட்பப் புத்தகமும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னும் ஒரு வேலை மிச்சம். என் பழைய குறிப்புகள் பாதி பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. புதிய கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினியை நிறுவினால் தெரிகிறது, ஆனால் தேட முடியாது, போனில் திறக்காது. யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. ஆனால் ஒருவருடைய சாட்சியத்தை முன்பின் தெரியாத இணையப் பக்கத்தில் ஒட்டக் கூடாது. இணையத் தொடர்பு இல்லாமல் கணினியிலேயே இயங்கும் மாற்றி ஒன்றைக் கொண்டு, மாலை வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவருகிறேன்.

அம்மாவின் பதிவை பென் ட்ரைவில் போட்டு, போன வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு பஸ் ஏறித் திருக்கோவிலுக்குப் போனேன். அவர்கள் வீட்டில் கணினி இல்லை. பேத்தியின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். முதல் பத்து நிமிடத்தைக் கேட்டுவிட்டு, “அது ஆனி இல்ல, ஆடி. அப்பவே பிழையாச் சொல்லிட்டன்” என்றார் அம்மா. பேத்தி கொப்பியில் திருத்தி எழுதிக்கொண்டாள்.