கடை ஓனரே தொல்லை கொடுத்தா யார்கிட்ட புகார் கொடுக்கணும்? சட்டம் சொல்வது என்ன?

குரோம்பேட்டை ஜிஎஸ்டி சாலையில் ஜவுளிக்கடை, மருந்துக்கடை, கிளினிக் என எங்கு பார்த்தாலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். பெரிய நிறுவனம் என்றால் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளேயே ஒரு கமிட்டி இருக்க வேண்டும். ஆனால், நாலு பேர் மட்டும் வேலை பார்க்கும் கடையில் ஓனரே தப்பாக நடந்தால்?

"வெளிய சொன்னா வேலை போயிடும்" என்று பலர் பொறுத்துப் போகிறார்கள். இவர்களுக்கும் 2013-ம் ஆண்டின் போஷ் சட்டத்தில் வழி இருக்கிறது.

எதெல்லாம் குற்றம்?

விருப்பமில்லாமல் தொடுவது, ஆபாசப் பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, பாலியல் இச்சைக்கு அழைப்பது எல்லாமே இதில் அடங்கும். "சும்மா விளையாட்டுக்குத்தான்" என்று தப்பிக்க முடியாது. செய்தவரின் நோக்கத்தைவிட, அந்தப் பெண் அதை எப்படி உணர்ந்தார் என்பதே முக்கியம் என 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா தீர்ப்பளித்தார்.

யாருக்குப் பாதுகாப்பு?

நிரந்தர ஊழியர் மட்டுமல்ல. கான்ட்ராக்ட், தினக்கூலி, டிரெய்னி, வீட்டு வேலை செய்பவர் என எல்லாப் பெண்களுக்கும் உண்டு. கம்பெனி வேனில் நடந்தாலும் பணியிடம்தான்.

யார்கிட்ட போறது?

* 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால்: நிறுவனத்தின் உள்ளகக் குழு. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள்.
* 10 பேருக்குக் குறைவு என்றாலோ, புகார் ஓனர் மீதே என்றாலோ: மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு.

இங்கே ஒரு குழப்பம் வரும். குரோம்பேட்டை முகவரியில் 'சென்னை - 44' என்று இருந்தாலும், மாவட்டம் செங்கல்பட்டு. எனவே செங்கல்பட்டு மாவட்டக் குழுவிடம்தான் போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். மத்திய அரசின் 'ஷீ-பாக்ஸ்' இணையதளத்திலும் புகார் பதியலாம். வழிகாட்டுதலுக்கு 181 மகளிர் உதவி எண் இருக்கிறது.

எத்தனை நாளுக்குள்?

கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் தரலாம். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை இடமாற்றமோ, 3 மாதம் வரை கூடுதல் விடுப்போ கேட்கலாம்.

ஆதாரம் இல்லைன்னா?

நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது. வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீர்கள். தேதி, நேரத்தைக் குறித்து வையுங்கள். "காசு வாங்கிட்டு முடிச்சுக்கோ" என்று சமரசம் பேசுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

போலீசுக்கும் போகலாமா?

போகலாம். பிஎன்எஸ் 75-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2021-ல் சிறப்பு டிஜிபி ராஜேஷ் தாஸ் மீது பெண் ஐபிஎஸ் அதிகாரி ஒருவர் புகார் கொடுக்கச் சென்னைக்கு வந்தபோது, இதே ஜிஎஸ்டி சாலையில் பரனூர் சுங்கச்சாவடி அருகே அவரது காரையே போலீசார் மறித்தனர். அவர் பின்வாங்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

உயர் அதிகாரிக்கே இவ்வளவு தடை என்றால், சின்னக் கடை ஊழியரின் பயம் நியாயமானதே. அதனால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும், அந்த 3 மாதக் கெடுவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.